இடது காலுறை

பிப்ரவரி. க்ரோனிங்கன் நகரில்
கால்வாய்கள் பாதி உறைந்து
மீதியை யோசித்துக்கொண்டிருந்தன.
பல்கலைக்கழகத்தின் பின்கட்டில் மூன்றாம் மாடி,
அடுத்தடுத்து இரண்டு அறைகள்.
ஒன்றில் வீப்ரன், சீட்டுக்கட்டோடு.
மற்றதில் யெல்ட்யே,
ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவள்.
இரவு வேலை முடித்து நேராக வந்ததில்
முழங்கையில் இன்னும் வெள்ளை.

வட்டம், சிலுவை, அலை, சதுரம், நட்சத்திரம்.
அவன் ஒரு சீட்டை எடுத்துப் பார்ப்பான்,
பொத்தானை அழுத்துவான்.
சுவருக்கு அப்பால் விளக்கு எரியும்.
அவள் கண்ணை மூடி, மனதில் பட்டதைச் சொல்வாள்.
மைக் கேட்கும், நாடா சுற்றும்.
ஐந்தில் ஒன்று யாருக்கும் வாய்க்கும்,
கழுதைக்கும் வாய்க்கும்,
கழுதை பேசுமானால்.

வீப்ரன் நம்புகிறவன் அல்ல.
நம்பாதவனும் அல்ல என்று சொல்லிக்கொள்வான்,
நிதி தருகிறவர்களிடம் ஒரு குரலில்,
மாமனாரிடம் இன்னொரு குரலில்.

மூன்றாம் செவ்வாய். அறுபத்தோராம் சீட்டு.
அவன் கையில் அலை.
அவள் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு,
“எதுவும் வரவில்லை, மன்னியுங்கள்.
அந்த ஆளுக்கு இடது காலுறை நனைந்திருக்கிறது.”

நனைந்துதான் இருந்தது.
விடியலில் மிதிவண்டியை நிறுத்தும்போது
கெட்டிப் பனி என்று நம்பிக் கால் வைத்த இடம்
தண்ணீர்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமா?

மாலையில் தாழ்வாரத்தில் மண்டியிட்டு
ஈரத்தடம் தேடினான்.
தரை எலும்பாய்க் காய்ந்திருந்தது.
காலையிலும் அப்படித்தான் இருந்தது என்று
அதற்கு அர்த்தமில்லை.
காவலாளியின் ஒரு காலணியில் தண்ணீர் ஊற்றி
அறைக்குள் நடக்கவைத்து
(அவர் கேட்ட கேள்விகளுக்குத் தனிக் கவிதை வேண்டும்)
மறுபக்கம் சுவரில் காதை வைத்தான்.
ஒருமுறை ‘சளக்’ கேட்டதுபோல் இருந்தது.
ஒருமுறை இல்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று
நாம் இங்கேயே எழுந்து போய்விடுவோம்.
அந்த ஊரில் பனை கிடையாது.
காக்கைகள் உண்டு. நாளெல்லாம்
கூரையில் உட்கார்ந்து எழும்,
எதுவும் விழாது.
விழாத நாட்களை நம்மில் யார் எண்ணினோம்?

அவன் எண்ணுகிறவன்.
நான்காம் செவ்வாய், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு,
கழிவறைக் குழாயில் வலது காலணியை நிரப்பிக் கவிழ்த்து,
அதை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.
நூறு சீட்டும் முடியும்வரை
விரல்கள் மரத்துப்போகக் காத்திருந்தான்.
வட்டம், என்றாள். சதுரம். சதுரம். அலை.
வேறொன்றும் சொல்லவில்லை.

வாசலில் கேட்டேவிட்டான்:
போன வாரம், காலுறை?
“அப்படியா சொன்னேன்?” என்று சிரித்தாள்.
“தூக்கக் கலக்கம். ஏதாவது உளறியிருப்பேன்.”
காகிதப் பொட்டலத்திலிருந்து
திராட்சை போட்ட ரொட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து
பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நானூறு சீட்டு. எண்பது வரலாம்.
எண்பத்து மூன்று வந்தது.
ஒன்றுமில்லை. சுத்தமாய் ஒன்றுமில்லை.
அறிக்கையில் அப்படியே எழுதினான், மையால்.
மூன்றாம் வாரத் தாளில், அறுபத்தோராம் வரியில், ‘விடை இல்லை’.
படிவத்தில் காலுறைக்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் மட்டும் பென்சிலால்,
அழிப்பான் பட்டாலே போய்விடும் அழுத்தத்தில்,
‘இடது. உண்மை. எப்படி?’
அதன் கீழே,
‘வலது. சொல்லவில்லை.’

இரண்டில் ஒன்றை அழித்திருந்தால்
நிம்மதியாய்த் தூங்கியிருப்பான்.
எதை அழித்தாலும் சரிதான்.

ஜலதோஷம் ஒன்பது நாள் இருந்தது.
அதையும் குறித்துவைத்தான்.