உலர் எடை

விருபாட்சிபுரத்தில் மாடி வீடு.
ஜன்னல் விளிம்பில், பழைய பெயின்ட் டப்பாவில்
ஒரு சோற்றுக் கற்றாழை.
வாங்கி வந்தபோது விறைத்து நின்றது.
ஐப்பசி முடிவதற்குள்
நனைந்த காகிதமாய்த் தொங்கிவிட்டது.
அடிமடலைத் தொட்டால்
உள்ளே எலும்பில்லாத ஏதோ ஒன்று
வழுக்கி நகர்ந்தது.

தாகம்தான் என்று நினைத்தேன்.
காலையில் ஒரு சொம்பு,
ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு சொம்பு.
ஒகேனக்கல் தண்ணீர் நாலு நாளைக்கொருமுறை வரும் தெருவில்
குடத்திலிருந்து முதல் பங்கு அதற்கு.
வாட வாட இன்னும் ஊற்றினேன்.

வேலை எனக்கு டயாலிசிஸ் வார்டில்.
எல்லோரும் சிஸ்டர் என்பார்கள்; நான் டெக்னீசியன்.
வந்ததும் எடை மிஷினில் ஏற்றுவேன்,
போகும்போது மறுபடி ஏற்றுவேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் தண்ணீர்.

மாதப்பனுக்கு என் வயதுதான்.
பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஓட்டியவர்.
இப்போது செவ்வாயும் வெள்ளியும் எங்களிடம்.
அந்த வெள்ளி நாலரைக் கிலோ கூடியிருந்தார்.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
பள்ளம் அப்படியே நின்றது.

"எவ்ளோ குடிச்சீங்க?"
"மூடியில அளந்துதான் சிஸ்டர்."
"எந்த மூடி?"
சிரித்துவிட்டார். "குடத்து மூடி."

ஊசி ஏற்றிக்கொண்டே திட்டினேன்:
வெளிய போக வழியில்லாத இடத்துல
ஊத்திக்கிட்டே இருந்தா என்னங்க ஆகும்?
கேட்டு முடிக்கும்போது
பெயின்ட் டப்பா ஞாபகம் வந்தது.
அதன் அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை.

சாயங்காலம் கவிழ்த்தேன்.
மண் ஒரே கட்டியாய் விழுந்தது,
கூடவே குட்டை நாற்றம்.
வேர்கள் ஊறிப்போன சேமியா.
இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்தது.
கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டேன், பழக்க தோஷம்.
பழுப்பை வெட்டினேன். பச்சை தெரியும்வரை வெட்டினேன்.
மஞ்சள் பால் வடிந்து விரலெல்லாம் கசந்தது.
மிஞ்சியது நாலு மடல், ஒரே ஒரு வேர்.

உடனே நடக்கூடாது.
காயம் காயவேண்டும்.
செய்தித்தாளில் கிடத்தி அலமாரி மேல் வைத்தேன், ஐந்து நாள்.
ஓர் உயிரை அப்படிப் போட்டுவிட்டு
அதன் எதிரே உட்கார்ந்து சோறு தின்பது
சுலபமில்லை.
இரண்டாம் ராத்திரி
கை தானாகவே சொம்புக்குப் போனது.

கீழ்வீட்டுக் கமலவேணியக்கா வாசலில்
திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை,
கறுப்புக் கயிற்றில் தலைகீழாய்,
வேர் வானம் பார்க்க.
மூன்று வருஷமாய் அதை யாரும் ஏனென்று கேட்டதில்லை.
போன தையில் பூத்தே விட்டது.
போகும்போதும் வரும்போதும்
அதை முறைத்துவிட்டுப் போனேன்.

ஆறாம் நாள் மண்சட்டி, அடியில் ஓட்டை.
எதிரே கட்டும் வீட்டில் கேட்டு வாங்கிய எம்-சாண்டு பாதி,
மேலே உடைத்த செங்கல் கொஞ்சம்.
நட்டபின் பத்து நாள் தண்ணீர் காட்டவில்லை.
பிறகு அரை டம்ளர்.
மடல்கள் சுருங்கி, வெயில் பட்டுச் செம்பாயின.

மாதப்பனும் சுருங்கினார்.
வீக்கம் வடிய வடிய
தாடையெலும்பு வெளியே வந்தது.
"இதாங்க உங்க உலர் எடை. அம்பத்திரண்டு."
முள்ளை உற்றுப் பார்த்தார்.
"இவ்ளோதானா சிஸ்டர் நானு?"
எனக்குப் பதில் வரவில்லை.
பைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை
நடுக்குருத்து நிமிர்ந்திருந்தது.
நம்பாமல் லேசாக இழுத்தேன்.
வரவில்லை.
உள்ளே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் ஒரு சொம்பு மொண்டு வந்தேன்.
ஊற்றுமுன் மண்ணில் விரலை இரண்டு கணு இறக்கினேன்.
ஈரம் இருந்தது, போதுமான ஈரம்.

நிறைந்த சொம்பு கையில்.
அன்று வெள்ளிக்கிழமை.
மாதப்பனுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர்.

நின்றபடியே அவ்வளவையும் நான் குடித்தேன்.
நடுவில் ஒருமுறை
நிறுத்த வேண்டியிருந்தது.