பனி பெய்யும் பக்கம்

ஐஸ் கம்பெனிக்கு ஒரு வெப்சைட் வேணும் என்று நின்றவள் நான்தான்.
நாகர்கோவில் அறையில், ஏ.சி. பதினெட்டில்,
இருபத்தேழு அங்குலத் திரையில்
மூன்று வாரம் இருந்து நானே செய்தேன்.
திறந்ததும் மேலிருந்து பனி பெய்யும்.
குளச்சலில் பனி!
பார்த்துப் பார்த்து எனக்கே குளிர்ந்தது.

நீலத்தின் மேல் இளநீலம்.
அப்பா ரிப்பன் வெட்டும் படம், அப்பா கைகுலுக்கும் படம்,
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும் ஐந்து அப்பாக்கள்.
'எங்கள் தொலைநோக்கு', நாலு பத்தி,
சாம்பல் எழுத்தில், எறும்பு அளவில்.
அழகென்று சொன்னது யார்?
நான்தான்.

ராத்திரி இரண்டே கால்.
முட்டத்துக்கு மேற்கே ததேயுவின் வள்ளத்தில்
நினையாமல் ஏறிவிட்டது சாளை.
கொண்டுபோன ஐஸ் பாதிக்கும் காணாது.
சிக்னல் ஒற்றைக் கோடு.
செதிள் ஒட்டிய கட்டைவிரல்.
பக்கம் திறக்கிறது,
திறக்கிறது,
பனி வருகிறது.
பனியை மறித்து ஒரு பெட்டி வந்து
மின்னஞ்சல் முகவரி கேட்கிறது.
அதை மூடும் பெருக்கல் குறி
ததேயுவின் நகத்தில் கால்வாசி.

காலையில் வந்தார். கத்தவில்லை.
"ஒங்க ஐஸ் போனுக்குள்ள நல்ல கட்டியாத்தான் கெடக்கு.
எனக்க சாளையாக்கும் உருகிப்போச்சு."

அன்று உச்சிவெயிலில் துறைமுகம் போனேன்.
ஏலம் கூறும் செல்வமேரியிடம் போனை நீட்டி,
"நாளைக்கு நாப்பது கட்டி வேணும்னு நெனச்சுக்கிடுங்க,
இதுல கேளுங்க" என்றேன்.
அதற்குமேல் பேசக்கூடாது.
அதுதான் பாடு.
'அந்த மூணு கோட்டை அமுக்குங்க'
நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன்.
சாம்பல் எழுத்தை வெயில் தின்றுவிட்டது.
ஐஸ் கட்டிப் படத்தை அமுக்கினாள், அது வெறும் படம்.
அப்பாவின் மூக்கை அமுக்கினாள்,
அடுத்த அப்பா வந்தார்.
கண்ணுக்கு மேல் கைவைத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

அப்போது எங்கள் லாரி பின்னோக்கி வந்தது.
பின்கதவில் பெயிண்டர் ஞானசிகாமணி
ஒரு முழ உயரத்தில், சிவப்பில் எழுதிய எண்.
என் போனை மடியில் வைத்துவிட்டு
தன் போனை எடுத்தாள் செல்வமேரி.
என் பையில் இன்னொரு மணி அடித்தது.
"அலோ, ஐஸ் கம்பெனியா?"
இரண்டடி தள்ளி நின்று
"ஆமா" என்றேன்.

ஞானசிகாமணிக்கு என்ன தெரியும்?
தூரத்தில் நின்று பார்ப்பான்.
தெரியவில்லையென்றால் அழித்துவிட்டுப் பெரிதாய் எழுதுவான்.

இப்போது பனி இல்லை.
திறந்த உடனே எண்.
அடுத்து இருக்கு, அல்லது இல்லை.
அடுத்து ஒரு கட்டியின் விலை, இன்றைய தேதியோடு.
அப்பா ஒரேயொருவர்தான், கடைசியில்.
அவருக்கு வருத்தம்.
நீலத்தை மட்டும் விட மனம் வரவில்லை,
மத்தியானம் வெளியே கொண்டுபோய்ப் பார்க்கிறேன்,
தெரிகிறது என்று இன்னும் எனக்கே நம்பிக்கையில்லை.

நேற்று மூன்று மணிக்கு ததேயு கூப்பிட்டார்.
நல்லாயிருக்கு என்றெல்லாம் சொல்லவில்லை.
விலையும் கேட்கவில்லை.
"அறுபது" என்றார்,
வைத்துவிட்டார்.