வழியில் இருக்கிறது

பொருள் வழங்கல் பிரிவில் என் வேலை
கேட்பது.
கேட்டதைக் கேட்டதாகக் குறித்துவைப்பது.
பிறகு மறுபடி கேட்பது.

பிப்ரவரியில் முதல் படிவம்:
கவச வண்டி, பதினான்கு.
குவைத் கிடங்கிலிருந்து ஒரு குரல்
‘வந்துகொண்டிருக்கிறது, மார்லிஸ்’ என்றது.
ஏப்ரலில் குரல் மாறியது.
வினைச்சொல் மாறவில்லை.

எங்களிடம் இருந்த வண்டிகளுக்குக்
கான்வாஸ் கதவு. ஜிப் வைத்தது.
எங்கள் வடக்கு டகோட்டாவில்
பனிக்காற்றையே அது நிறுத்தியதில்லை.
மழைக்கோட்டுக்குக் கதவென்று பேர்வைத்துத்
தீக்ரித் சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்
தினம் இரண்டு நடை.

தரையில் மணல் மூட்டை.
பக்கவாட்டில் ஒட்டுப்பலகை இரண்டு, நடுவே சரளைக்கல்.
கால்வைக்க இடமில்லை.
லேலண்ட் ஓப்ரெக்ட் ஆறடி நாலங்குலம்,
முழங்காலைத் தாடைவரை மடித்துக்கொண்டு
‘மழலையர் பள்ளி பஸ்ஸில் போகிறேன்’ என்பான்.

மே மாதம் டுவேன் ப்ரோஹாஸ்கா
(ஊரில் தானியக் குதிர்களுக்குப் பற்றவைப்பவன்)
என்னையும் கூட்டிக்கொண்டு
காயலான் கடை தேடிப் போனான்.

கடைக்காரர் குதைர் ஒரு தகட்டைச் சுத்தியலால் தட்டினார்.
கொஞ்சநேரம் அது பேசியது.
‘நல்ல இரும்பு. டாங்கி.
போன சண்டையில் உங்கள் ஆட்கள் சுட்டது’
என்றவர்
சுட்ட இடத்தையும் திருப்பிக் காட்டினார்,
ஒரு முஷ்டி நுழையும் ஓட்டை.
அதற்காக விலையைக் குறைக்கவில்லை.

தகடு ஒன்று நாற்பது டாலர்.
டாங்கி வாங்க என் படிவத்தில் கட்டம் கிடையாது.
‘எழுதுபொருள்’ என்று எழுதினேன்.

ஆறு இரவு பற்றவைத்தான் ப்ரோஹாஸ்கா.
கனம் தாங்காமல் ஸ்ப்ரிங்குகள் உட்கார்ந்தன.
இரும்பு ஏழு வண்டிக்குத்தான் எட்டியது.
எந்த ஏழு என்று
சீட்டுக் குலுக்கினார்கள்.
என் தொப்பியில்.

ஓப்ரெக்டின் வண்டி ஒன்பதாம் எண்.
ஒன்பது வரவில்லை.

ஜூன் மூன்று, காலை ஆறு ஐம்பது.
நான் அங்கே இல்லை.
இருந்தவர்கள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை,
கேட்பது என் வேலையாக இருந்தும்.

எனக்கு வந்தது உடைமைப் பட்டியல்:
சட்டை நான்கு.
சீட்டுக்கட்டு, ஜோக்கர் இல்லாமல்.
பல்துலக்கி.
எழுதி முடித்த மறுநாள் தபாலில் ஒரு பெட்டி.
அவன் மனைவி ஜோலீன்
கடன் அட்டையில் வாங்கி அனுப்பிய மார்புத் தகடு,
ரசீதோடு. தள்ளுபடிக் கூப்பனோடு.
பிரிக்காததைப் பிரித்து
எண் குறித்து
மறுபடி ஒட்டித் திருப்பி அனுப்பினேன்.
அது மட்டும் ஒன்பதே நாளில்
போய்ச் சேர்ந்தது.

அக்டோபரில் ஒரு கடிதம்:
எங்கள் கோரிக்கையின் முன்னுரிமை
இரண்டிலிருந்து ஒன்றாக உயர்ந்திருக்கிறது.
கூடாரத்தில் யாரோ கைதட்டினார்கள்.
யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரியில் பதினான்கும் வந்தன.
நாங்கள் மூட்டைகட்டிக்கொண்டிருந்தோம்.
கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.
ஒன்றில் ஏறி உட்கார்ந்து சாத்தினேன்.
முகாமின் இரைச்சல் மொத்தமும் நின்றுபோனது.
கண்ணாடி நாலு விரற்கடைத் தடிமன்.
கால்நீட்ட இடம் இருந்தது. நிறைய.
இறங்கி வந்து
‘பெற்றுக்கொண்டேன், நல்ல நிலையில்’
என்று கையெழுத்திட்டேன்.

கழற்றிய பழைய தகடுகளை வாங்க
குதைர் லாரியோடு வந்தார்.
ஒவ்வொன்றாகத் திருப்பி
விரலால் தடவி எண்ணினார்.
தன் பழைய ஓட்டையைத் தவிர
பதினோரு பள்ளம்.
உள்பக்கம் எட்டாதவை.

இந்த முறை
விலையைக் குறைத்தார்.
ப்ரோஹாஸ்கா பேரம் பேசவில்லை.