சுவரில் எழுது

"தெரு?" என்கிறது தொலைபேசி.
பாலம் தாண்டி, என்கிறேன்.
"தெருவின் பெயர்?"
தண்டவாளத்துக்கும் ஓடைக்கும் நடுவே.
"வீட்டு எண்?"
அறுபத்தொன்று.
"அங்கே எல்லாருமே அறுபத்தொன்றுதானே, அம்மா."
ஆமாம். எல்லாருமேதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், எழுபது கூரை,
ஒரு குழாய், ஓர் எண்.

மாலி யாரோக்; ஸ்லோவாகியாவின் கிழக்கு ஓரம்.
ஊராட்சி வரைபடத்தில் எங்கள் இடம் வெளிர்பச்சை.
மேய்ச்சல் நிலம் என்று பொருளாம்.

மருத்துவமனை எனக்கு ஓர் அடையாள அட்டை தந்திருக்கிறது.
ரோமா வலியை ஸ்லோவாக் வலியாக மாற்றிச் சொல்வது என் வேலை.
எங்கள் மொழியில் வலிக்குப் பெயர் துக்.
அந்தச் சொல்லுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பனி இறுகிய இரவு அது.
பார்த்தலோமெய் மார்பைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.
ஆம்புலன்ஸ் பாலத்தருகே நின்று
எங்களைத் தேடிக்கொண்டிருந்தது,
அல்லது தேடாமல் நின்றுகொண்டிருந்தது.
இதில் இன்றுவரை இரண்டு கட்சி.
வீட்டுக் கதவைக் கழற்றினோம்,
அதன்மேல் அவனைக் கிடத்தினோம்.
ஆறு பேர், ஓடை, சறுக்கும் சேறு.
தூக்கும்போது ஆள்.
இறக்கும்போது உடல்.

பனி உருகியபின் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
டாக்டர் ஹ்ரின்கோவா கூப்பிட்டிருந்தார்.
அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்,
நடுவில் யாரும் தொடாத காப்பி.
ஓட்டுநர் ரத்திஸ்லாவ் தரையைப் பார்த்துச் சொன்னான்:
"இருட்டுக்குப் பயந்தேன். நாய்க்குப் பயந்தேன்.
உங்களுக்கும்."
பார்த்தலோமெயின் மனைவி ஜெல்மீரா கேட்டாள்:
எந்த நாய்?
"கருப்பு நாய்."
அது கடிக்காது.
"எனக்கு எப்படித் தெரியும்?"
இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்குப்பின் நெடுநேரம் காப்பிதான் ஆறியது.
கடைசியில் அவனே கேட்டான்,
இறங்கினால் எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று.

ஊராட்சி கைவிரித்தது:
நிலம் வேறு யாருடையதோ, பெயர் வைக்க முடியாது.
சரி, நிலத்துக்கு வேண்டாம்,
நடந்து வருகிறவன் கால்களுக்கு வைத்துக்கொள்கிறோம் என்றோம்.
விடுமுறை நாள்களில் ஓட்டுநர்கள் எங்களோடு நடந்தார்கள்.
அவசர அழைப்பு நிலையத்துக்காரி புதிய வரைபடம் வரைந்தாள்.
சாலைக் கம்பெனியிலிருந்து சில்வெஸ்டர்
வெள்ளைப் பெயின்ட் இரண்டு வாளி கொண்டுவந்தான்.
கேட்டு எடுத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெயருக்காக மூன்று நாள் சண்டை.
ஒருவனுக்குக் கால்பந்து வீரன் பெயர்,
ஒருத்திக்கு ஒரு புனிதரின் பெயர்.
முடிவில் குழாய்த் தெரு, நாணல் தெரு,
அப்புறம் பிக்கோ தெரு.
பிக்கோ அந்தக் கருப்பு நாய்.
ரத்திஸ்லாவ் இனி மறக்கமாட்டான் இல்லையா, என்றார்கள் பிள்ளைகள்.

முகம் எப்போதும் இருந்தது எங்களுக்கு.
வரி ஒன்றுதான் இல்லை.

இப்போது பதினோரு நிமிடத்தில் வருகிறார்கள்.
முதல் அழைப்பு ஒரு குளவிக் கொட்டு,
வெட்கக்கேடு, ஆனாலும் வந்தார்கள்.
பிரசவ வார்டில் நம் பெண்களுக்கு
இன்னும் அதே கடைசி அறை,
இன்னும் அதே இரண்டு பேருக்கு ஒரு கட்டில்.
அடுத்த கூட்டம் அதற்கு.
காப்பி நான் கொண்டுபோகிறேன்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது
எண் எழுதிய அந்த மதியத்தை.
ஜெல்மீராவின் வீடு பிக்கோ தெருவில் ஏழு.
தூரிகையை நனைத்துக்கொண்டு
கதவை நோக்கிக் கையை நீட்டினேன்.
கீல் புதியது, பலகை பழையது.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
கதவில் வேண்டாம், என்றாள்.
கதவைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டி வரும்.
சுவரில் எழுது.