டின்னில் அடைத்த வெயில்

பால்மாவு டின்தான்.
மெர்லின் வீட்டுக் குப்பைக்குப் போகுமுன் கேட்டு வாங்கியது.
பக்கவாட்டில் பத்தாம் நம்பர் ஊசியால் ஒரு துளை.
உள்ளே வளைத்துச் செருகிய புகைப்படத் தாள்,
அவென்யூ ரோட்டில் காலாவதித் தேதியைச் சுட்டிக்காட்டி
பாதி விலைக்குப் பேசி
முக்கால் விலைக்கு வாங்கியது.
மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப்.

ஜூன் இருபத்தொன்று. ஈஜிபுரா.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் காலில்
தேங்காய்நார்க் கயிற்றால்
கிழக்கு பார்க்கக் கட்டினேன்.
லென்ஸ் இல்லை. பொத்தான் இல்லை.
ஆறு மாதம்
இமைக்காமல் பார்க்கப்போகும் ஒரு டின்.

இரண்டாம் வாரம் புட்டசாமி ஏறி வந்தார், வீட்டுக்காரர்.
"ஏனம்மா இது, பாம்பா?"
அவர் கன்னடத்தில் கேட்டது வெடிகுண்டு.
என் தமிழ்க் காதில் அது நெளிந்தது.
"இல்லை சார், கயிறு" என்றேன்.
வெயிலைப் படம் பிடிக்கிறேன் என்றும் சொன்னேன்.
சூரியனைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்,
வாடகை ஒன்றாம் தேதியே வரவேண்டும் என்று
இறங்கிப் போனார்.

ஜூலை முழுக்க மேகம்.
ஆகஸ்டில் துணி காயவில்லை.
செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை
எதிர்ச்சாரியில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை அறுத்தார்கள்.
வேர் குழாயைப் பிடிக்கிறதாம்.
மாலையில் இலை மடித்துக்கொள்ளும் அது
அன்று நண்பகலிலேயே மடித்துக்கொண்டது.
கொடியில் மறந்துவிட்ட என் துண்டெல்லாம் மரத்தூள்.
உதறினேன், துவைத்தேன்,
தும்மல் மட்டும் இரண்டு நாள் இருந்தது.

டிசம்பர் இருபத்தொன்று.
டேப்பைக் கிழித்தால் உள்ளே
ஒரு சிலந்தி, அதற்கு முன்பே செத்த நான்கு எறும்புகள்.
தாள் காய்ந்த வெற்றிலை நிறத்தில் இருந்தது.
கழுவக்கூடாது. மருந்தில் முக்கக்கூடாது.
ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்யலாம்,
அந்த வெளிச்சமும் அதைக் கொஞ்சம் தின்னும்.

திரையில் நிறத்தைத் திருப்பிப் போட்டேன்.
நாளுக்கொரு கோடாய்ச் சூரியன்
சரிந்து சரிந்து ஏறியிருந்தது,
வானத்துக்குத் தலை வாரிவிட்ட மாதிரி.
ஜூலையில் சீப்புக்குப் பல் இல்லை.

கீழே தெரு, காலி.
நூற்றெண்பது காலை துணி காயப்போட்ட நான் இல்லை.
கொடி இருக்கிறது, ஒரு துணிகூட இல்லை.
இந்த ஆறு மாதத்தில் நடை பழகிய மெர்லினின் பையன் இல்லை.
பருந்துகள், ஆட்டோக்கள்,
சில்க் போர்டு போகிறவர்கள் வருகிறவர்கள்
யாருமில்லை.
முடிக்காமல் விட்ட மேம்பாலத்தின் தூண் மட்டும்
கம்பி கம்பியாய் அத்தனை துல்லியம்.
சும்மா நிற்பதற்கும் ஒரு பலன் இருக்கிறது.

அப்புறம், மரம்.
இருந்தது. பாதியாக.
உயரத்தில் பாதி அல்ல, இருப்பதில் பாதி.
அடிமரத்துக்குள் பின்வீட்டு ஜன்னல்,
ஜன்னலுக்குள் கிளை,
கிளையில் யாருடைய பால்கனியோ.
மூன்று மாதம் நின்றதையும்
மூன்று மாதம் நில்லாததையும்
தாள் ஒரே இடத்தில் எழுதியிருக்கிறது.
அக்டோபர் வெயில் அதன் நடுவே
கதவு தட்டாமல் ஏறிப்போகிறது.

எந்த ஆப்பில் செய்தாய் என்று கேட்டார்கள் ஆபீஸில்.
ஒன்றுமே செய்யவில்லை என்றேன்.
அதுதான் உண்மை, அதை யாரும் நம்பவில்லை.

புட்டசாமி மட்டும் நெடுநேரம் பார்த்தார்.
மரத்தைக் கண்டுகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தொட்டியோரம் விரலை நகர்த்தி
"நானெல்லி?" என்றார்.

மறுநாள் புது டின் கட்டினேன், அதே கயிறு.
துளையைத் திறந்துவிட்டு எதிரில் போய் நின்றேன்.
எத்தனை நாள் அசையாதிருந்தால்
ஒரு கறையளவாவது மிஞ்சலாம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
கீழே குக்கர் மூன்றாவது விசில்.