இருபது தெத்ரி

எங்கள் லிஃப்ட்டுக்குள் ஒரு பெட்டி.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே போகும்.
இறங்குவது இலவசம்.
திபிலீசியில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

இன்று காசு விரலிலிருந்து நழுவி
உருண்டு
கதவுக்கும் தளத்துக்கும் நடுவே
இருக்கிற சந்தில் விழுந்தது.
ஒன்று, இரண்டு,
டிங்.

அந்தக் குழி எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்.
குழிக்குக் குழி இறங்கி டார்ச் அடித்தவன்.
சாவி, கொண்டை ஊசி,
ஒருமுறை மேல்வரிசைப் பல்செட்.
குனிந்து பொறுக்கி உரியவரிடம் சேர்த்தேன்.
காசை மட்டும் வைத்துக்கொண்டேன்.
குனிந்து.
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் அதை.

இப்போது தொண்ணூறு டிகிரிக்கு மேல்
இடுப்பு மடங்கக் கூடாது.
கால்மேல் கால் கூடாது.
தாழ்ந்த நாற்காலி கூடாது.
தூக்கத்திலும் தொடைகளுக்கு நடுவே
ஒரு தலையணை, காவல்காரன் மாதிரி.

காலையில் லமாரா தரையில் உட்கார்ந்து
எனக்கு சாக்ஸ் மாட்டுகிறாள்.
முப்பத்தெட்டு வருஷத்தில்
என் பாதத்தை அவள் இத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை.
"நகம் வெட்டணும்" என்கிறாள்.
நன்றி என்று சொல்லத்தான் வாய் திறக்கிறேன்.
"இடது பக்கம் சுருங்கியிருக்கு" என்று வருகிறது.
அவள் பேக்கரிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவாள்.

எனக்குப் பிறகு கத்திக்குப் போன ஜெமால்
ஐந்தாம் வாரமே கார் ஓட்டுகிறானாம்.
அவன் போன் செய்யும்போதெல்லாம்
நான் குளியலறையில் இருக்கிறேன்.

எனக்கு இது பதினோராம் வாரம்.
போன செவ்வாய் ஊன்றுகோல் இரண்டு ஒன்றானது.
புதனன்று ஒன்று மறுபடி இரண்டானது.

எழுபத்திரண்டு படி.
சட்டைப்பையில் வேறு காசில்லை.
"ஏறும்போது நல்ல கால் முதலில்,
இறங்கும்போது மற்றது."
பிசியோதெரபி செய்கிற தியா
கெட்ட கால் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
மற்றது என்பாள்,
பெயர் மறந்துபோன விருந்தாளியைச் சொல்வதுபோல.

நல்லது. பிறகு மற்றது. பிறகு கோல்.
ஒன்பதாவது படியில் ஜன்னல்; மழை வரப்போகிறது.
பதினாறில் யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
பதினெட்டு வரை எண்ணிக்கை இருந்தது.
அதற்கப்புறம் வலி எண்ணிக்கொண்டது.
கைப்பிடிக் கம்பியில்
பழைய பச்சைப் பெயிண்ட் உரிந்து உள்ளங்கையில் ஒட்டியது.
அதை ஊதிவிடக்கூட ஒரு கை மிச்சமில்லை.

இரண்டாம் மாடியில் குலிகோ கதவைத் திறந்தாள்.
என் மூச்சு அவள் வீட்டுக்குள் கேட்டிருக்கிறது.
ஒரு முக்காலி கொண்டுவந்தாள்.
கண்ணாலேயே அளந்தேன்:
முழங்காலுக்கு நாலு விரல் கீழே.
"கூடாது."
உள்ளே போய் மாவு மூட்டையைத் தூக்கிவந்து
அதன்மேல் வைத்தாள்.
உட்கார்ந்தேன். பின்புறம் முழுக்க வெள்ளை.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
போகும்போது ஏப்ரனில் கைவிட்டு
ஒரு காசை என் பையில் போட்டாள்.

பாதி ஏறியாயிற்று, மீதியையும் ஏறு
என்று உள்ளே ஒருத்தன் சொன்னான்.
இளவயதில் அவன் பேச்சைக் கேட்டுத்தான்
இந்த இடுப்பு தேய்ந்தது.
பட்டனை அமுக்கினேன்.

கதவு மூடியது. காசைக் கெட்டியாகப் பிடித்து
பெட்டியில் போட்டேன்.
உச்சியில் பேரிங் லேசாக முனகியது.
நான் மாற்றிக் கொடுத்த பேரிங்.
அன்று இந்தக் கட்டடமே என்னைச் சூழ்ந்துகொண்டது:
புதுசு என்கிறாய், பிறகு ஏன் சத்தம்?
எண்ணெய்க் கையைத் துடைத்தபடி சொன்னேன்:
"புதுசு, அதனால்தான்.
ஓடி ஓடித்தான் படியும்."

எத்தனை நாளில் என்று கேட்டார்கள்.
டாக்டரைப் போலவே
நானும் அன்று நாள் சொல்லவில்லை.