உப்பு வாரங்கள்

ஆசிரியர் அறையில்
வெள்ளைப் பலகையின் நடுவே வட்டம் போட்டு
உப்பு என்று எழுதினேன்.
ஜெர்மனில் நான்கு எழுத்து,
தமிழில் மூன்றோடு முடிந்துவிடுகிறது.

நாலாம் வகுப்புக்கு ஐந்து வாரம்.
வட்டத்திலிருந்து அம்புகள் கிளம்பின.
நூறு மில்லி தண்ணீரில் எத்தனை கிராம் கரையும்,
எந்தக் கிராமிலிருந்து கரைய மறுக்கும் என்பது கணக்குக்கு.
வண்டிப் பாதைகளும் சுங்கச் சாவடிகளும் வரலாற்றுக்கு.
அறிவியல் மட்டும் மூன்று அம்பு கேட்டு வாங்கிக்கொண்டது.
உடற்பயிற்சிக்காரர் பெயாட்
காப்பி ஆறும்வரை யோசித்து
"வியர்வை?" என்றார், தானே நம்பாமல்.
ஊர்சினா இசைக்காக
மேசையிலிருந்த உப்புக் குடுவையைக் குலுக்கிப் பார்த்தாள்.
பாதி ஈரம். சத்தமே வரவில்லை.

யாராவது கண்ணீர் என்று சொல்லிவிடுவார்களோ
என்று பயந்துகொண்டே இருந்தேன்.
சொன்னார்கள்.
அது ஒழுக்கப் பாடத்துக்குப் போயிற்று.

புவியியல் எனக்கு.
பிராத்தல்னில் அது சுலபம்:
ரைன் கரைக்குப் போனால் போதும்,
கடலே இல்லாத இந்த நாட்டில்
பழைய கடலொன்று நிலத்தடியில் கிடக்கிறது,
தண்ணீர் விட்டுக் கரைத்து மேலே இழுக்கிறார்கள்.
அந்த அம்பை
ஆனையிறவு வரைக்கும் நீட்டியிருக்கலாம்.
பலகையில் இடமும் இருந்தது.
பேனாவை மூடிவைத்தேன்.

முதல் வாரம்
பிள்ளைகளின் கண்கள் படிகம்போல இருந்தன.
நூலில் உப்பு வளர்த்தார்கள்,
ஒவ்வொரு நூலுக்கும் பெயர் வைத்தார்கள்.
கரைசலில் முட்டை மிதந்தபோது
பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.
இரண்டாம் வாரம் உப்பைக் கூட்டிப் பெருக்கி வகுத்தோம்.
மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை
தாரியோ பையைக்கூடக் கழற்றாமல்
வாசலில் நின்று கேட்டான்:
"இன்றைக்கும் உப்பா?"

உப்புச்சப்பில்லாத பாடம் என்று
ஒருவரும் குறை சொல்லக்கூடாதென்றுதானே
இவ்வளவு கொட்டினோம்.

குழம்பில் உப்புக் கூடிப்போனால்
உருளைக்கிழங்கு வெட்டிப் போடுவோம்,
இழுத்துக்கொள்ளும் என்று.
அன்றிரவு கால அட்டவணையை விரித்து
வியாழக்கிழமை மூன்றாவது பாடவேளையில்
எழுதியிருந்ததை எல்லாம் அழித்தேன்.
இலக்கு: இல்லை.
தேவையான பொருட்கள்: இல்லை.
மதிப்பீட்டு முறை என்ற கட்டத்தில்
ஒரு சின்ன உருளைக்கிழங்கு வரைந்தேன்.
தலைமையாசிரியை கேட்டால்
தவறுதலாக வந்தது என்று சொல்லலாம்.

வியாழன் காலை பனி.
மூன்றாவது மணிக்குப் பதினெட்டுப் பேரும்
கோட்டு மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள்.
ஒருவன் விழுந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன்
வேண்டுமென்றே விழுந்தான்.
எலிரா கையுறைக்குள் பனியை நிரப்பி
இன்னொரு கையைச் செய்து
அதனோடு கைகுலுக்கினாள்.

அப்போது பராமரிப்பாளர் கெர்பர்
சிவப்பு வாளியோடு வந்தார்,
கோழிக்குத் தீனி வீசுவதுபோல
படிக்கட்டில் வீசினார்.
படபடவென்று சின்னச் சின்னதாய்
வெடிக்கும் சத்தம்.
ஓட்டம் நின்றது.

வட்டமாகக் கூடிவிட்டார்கள்.
வெள்ளைமேல் வெள்ளை விழுந்த இடத்தில்
கருங்கல் மெல்லத் தலைகாட்டியது.
எலிரா கையுறையைக் கழற்றி
ஒரு கல்லை எடுத்து, என்னைப் பார்த்தாள்,
பார்த்துக்கொண்டே நாக்கில் வைத்தாள்,
முகம் சுளித்தாள்,
தாரியோவிடம் நீட்டினாள்.

உறைநிலை, கரைதிறன்,
படியின் ஓரத்தைத் தின்றிருக்கும் அரிப்பு,
எல்லாம் என் வாய்வரைக்கும் வந்தன.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கட்டும்
என்று விட்டுவிட்டேன்.

பதினெட்டுப் பேரில்
ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.
நானும்தான்.
மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம்
கல் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
கெர்பர் வாளியைக் கவிழ்த்துத் தட்டினார்,
"போதுமா?" என்று கேட்டார்.